வாட்டர்லூ முதல் வோக்கிங் வரை: ரயில் சிமுலேட்டருக்கு நெரிசலான பிரிட்டிஷ் மெயின்லைன் ஒன்றைப் பரிந்துரைப்பது எப்படி

ரயில் ஓட்டும் விளையாட்டான ட்ரெயின் சிம் வேர்ல்டுக்குப் புதிய பிரிட்டிஷ் ரூட் கேட்டு எழுதுகிறவர்களில் பலர் ரூட்டின் பெயரைச் சொல்லி, "அருமையான லைன், கட்டாயம் கொண்டுவாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். ரூட் செய்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் பார்ப்பது நான்கு விஷயங்களை: ரூட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த ஆண்டு, எந்த வண்டிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், ஆடுபவருக்கு ஒரு நாளில் என்ன வேலை கிடைக்கும். கிராமத்துக் கிளைப்பாதை என்றால் இந்த நான்கையும் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். லண்டன் மெயின்லைனில் முடியாது. அங்கே எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் பரிந்துரையின் பெரும்பகுதி வேலை.

எடுத்துக்காட்டாக சவுத் வெஸ்டர்ன் மெயின் லைனின் லண்டன் முனையை எடுத்துக்கொள்வோம். வாட்டர்லூ முதல் வோக்கிங் வரை சுமார் 24 மைல். முழுக்க நான்கு லைன். மின்சாரம் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளம் வழியாக வருகிறது, 750 வோல்ட் டிசி. புறநகர் வண்டி, போர்ட்ஸ்மத், வெய்மத் விரைவு வண்டிகள், எக்ஸெட்டர் போகும் டீசல் வண்டி எல்லாம் ஒரே லைனில் ஓடுகின்றன. வேறு ரூட் மனதில் இருந்தாலும் இதே முறையில் செய்யலாம்.

முதலில் எந்த விளையாட்டு என்று முடிவு செய்யுங்கள்

ட்ரெயின் சிம் வேர்ல்டும் பழைய ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக்கும் ஒரே நிறுவனத்துடையவை, டவ்டெயில் கேம்ஸ். ஆனால் இரண்டுக்கும் கேட்க வேண்டியது வேறு. கிளாசிக்கில் ரூட் எடிட்டர் கூடவே வருகிறது. நீளமான ரூட்கள் அதில் சாதாரணம். ட்ரெயின் சிம் வேர்ல்டில் ஆடுபவர் வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம். அதனால் நடைமேடை, படிக்கட்டு, டிக்கெட் கேட் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் கிட்டத்தில் பார்த்தாலும் தாங்கும்படி செய்யப்பட வேண்டும். கன்சோல்களிலும் ஓட வேண்டும். இந்தக் கட்டுரை ட்ரெயின் சிம் வேர்ல்டை மனதில் வைத்தது.

உங்கள் ரூட் அல்லது அதில் ஒரு துண்டு ஏற்கெனவே வெளிவந்திருக்கிறதா என்று கடையில் ஊர்ப் பெயர்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ரூட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தவறவிடுவீர்கள்.

எங்கே வெட்டுவது

வாட்டர்லூ–வெய்மத் 140 மைலுக்கு மேல். முழுதாகக் கேட்டால் பரிந்துரை முதல் வரியிலேயே விழுந்துவிடும். இதே விளையாட்டில் கிரேட் வெஸ்டர்ன் பாடிங்டனிலிருந்து ரீடிங் வரைதான், 36 மைல். ஈஸ்ட் கோஸ்ட் மெயின் லைன் பீட்டர்பரோ முதல் டான்காஸ்டர் வரை, சுமார் 80 மைல். இரண்டாவது ரூட் லண்டனைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். லண்டன் உள்ளே வந்தால் மைல் குறையும், லண்டனை விட்டால் மைல் கூடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் நீளத்தைக் கேட்க வேண்டும்.

வாட்டர்லூவில் 24 நடைமேடைகள். அதில் 20 முதல் 24 வரை, 1994 முதல் 2007 வரை யூரோஸ்டார் நின்ற பழைய இன்டர்நேஷனல் முனையம். அதன் வளைந்த கண்ணாடிக் கூரை தனி வேலை. நான்கு மைலுக்குள் கிளாப்ஹம் ஜங்ஷன், 17 நடைமேடைகள். இந்த நான்கு மைலுக்கு ஆகும் உழைப்பு மீதி இருபது மைலுக்கு ஆகும் உழைப்புக்கு ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

அடுத்தது முடியும் இடம். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வரைபடத்தில் பெரிய ஊராகத் தெரிவதை முனையாக வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, அந்த ஸ்டேஷனில் எத்தனை வண்டி நிற்கிறது என்பதை. எக்ஸெட்டர் வண்டிகள் பெரும்பாலும் வோக்கிங்கில் நிற்கும். சவுத்தாம்ப்டன் பக்கம் போகும் விரைவு வண்டிகளில் சில நிற்காமல் கடந்துவிடும். நிற்காத வண்டியை ஓட்டுகிறவருக்கு ஆட்டம் எங்கேயோ நடுவழியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே முடியும். அது பிடிக்காது. ஆகவே அட்டவணையில் ஒரு மணி நேரத்தை எடுத்து, முனையில் நிற்பவை எத்தனை, கடப்பவை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கடப்பவை பாதிக்கு மேல் போனால் முனையை மாற்றுங்கள். அடுத்த நல்ல முனை பேஸிங்ஸ்டோக், வாட்டர்லூவிலிருந்து 48 மைலுக்குச் சற்றுக் குறைவு.

பிறகு கிளைகள். ரேன்ஸ் பார்க்கில் எப்சம் லைன், நியூ மால்டனில் கிங்ஸ்டன் லைன், சர்பிட்டன் தாண்டி ஹாம்ப்டன் கோர்ட் கிளையும் கோபம் வழியாக கில்ட்ஃபர்ட் போகும் லைனும், வேபிரிட்ஜில் சேர்ட்ஸி லைன், வோக்கிங்கில் போர்ட்ஸ்மத் லைன். எல்லாவற்றையும் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். ஒன்றே ஒன்று கேட்பதென்றால் ஹாம்ப்டன் கோர்ட்டைக் கேளுங்கள். சர்பிட்டனுக்குப் பிறகு தேம்ஸ் டிட்டன், ஹாம்ப்டன் கோர்ட் என்று இரண்டே ஸ்டேஷன்கள் கூடுதலாகச் செய்தால் போதும். பதிலுக்கு வாட்டர்லூவிலிருந்து முனை வரை பதினோரு ஸ்டேஷனிலும் நின்று போகும் முழுமையான புறநகர் சேவை ஒன்று கிடைக்கிறது. குறைந்த செலவில் இவ்வளவு ஓட்ட வேலை தரும் கிளை இந்த லைனில் வேறில்லை.

மற்ற கிளைகளில் வண்டிகள் ஜங்ஷனைத் தாண்டி ஒரு வளைவுக்குள் மறையட்டும். ஒவ்வொரு கிளைக்கும் அந்த மறையும் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நேர்கோட்டில் வெட்டினால் வண்டி காற்றில் கரைவது மெயின்லைனிலிருந்தே தெரியும். பாலம், வளைவு, மரக்கூட்டம் இவற்றுள் ஒன்று மறைப்பாக வேண்டும்.

ஓட்டாத லைன்கள் என்று ஒன்று இருக்கிறது. வாட்டர்லூவிலிருந்து கிளாப்ஹம் வரை விண்ட்ஸர் லைன்கள் பக்கத்திலேயே வரும். கிளாப்ஹமில் 12 முதல் 17 வரையிலான நடைமேடைகள் பிரைட்டன் பக்கத்து லைன்களுக்கு. விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன், தேம்ஸ்லிங்க், டிராம் மூன்றும் வந்து நிற்கின்றன. இவற்றை விட்டுவிட முடியாது, ஆட்கள் கவனிப்பார்கள். ஓட்டக்கூடியதாகக் கேட்கவும் கூடாது. ட்ரெயின் சிம் வேர்ல்டில் ஆடுபவரிடம் வேறு ரூட் இருந்தால் அதன் வண்டிகள் இங்கே பின்னணியாக வந்து ஓடும் வசதி உண்டு. பிரைட்டன் பக்கத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட்வே ரூட்டில் வந்த கிளாஸ் 377 இருக்கிறது (பிரிட்டனில் வண்டி வகைகளை இப்படி கிளாஸ் எண்ணால் குறிப்பார்கள்). டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு, பேக்கர்லூ ரூட்டில் உள்ள 1972 ஸ்டாக் பொருந்தாது. ஆகவே விம்பிள்டனில் அந்த நடைமேடைகள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே எழுதிவிடுங்கள். இப்படி எழுதும்போது படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

ஒரு ஆண்டு, ஒரே ஆண்டு

பிடித்த வண்டிகளையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டுவிடுவது பரவலான தவறு. கிளாஸ் 707 இந்த லைன்களுக்கு 2017இல் வந்து, 2021 முதல் சவுத்ஈஸ்டர்ன் என்ற வேறு நிறுவனத்துக்கு மாறத் தொடங்கியது. இரண்டு பெட்டி கிளாஸ் 456 எல்லாம் 2022 ஜனவரியோடு ஓய்வு பெற்றன. கிளாஸ் 701 பயணிகளோடு ஓடத் தொடங்கியது 2024 ஜனவரியில். மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை.

எங்கள் பரிந்துரை 2023. 456 போய்விட்டது, 701 வரவில்லை. மெயின்லைன் புறநகர் வேலையைப் பெரும்பாலும் 455கள் நான்கு நான்காக இணைந்து எட்டுப் பெட்டியாகச் செய்கின்றன. 2019 என்று வைத்தால் எட்டுப் பெட்டி 455இன் முனையில் ஒரு 456 சேர்ந்து பத்துப் பெட்டியாக ஓடும், அதற்காக இன்னொரு வண்டி செய்ய வேண்டிவரும். ஆண்டைத் தள்ளிவைப்பதால் ஒரு வண்டியின் முழுச் செலவு மிச்சமாகிறது. ஆனால் 2022, 2023 இரண்டிலும் வேலைநிறுத்த நாட்கள் நிறைய. அட்டவணைக்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அன்று வேலைநிறுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய காலம் பிடித்தவர்களுக்கு நெட்வொர்க் சவுத்ஈஸ்ட் காலம் உண்டு; பிரிட்டிஷ் ரெயில் தன் லண்டன் வட்டார சேவைகளுக்கு வைத்த பெயர் அது. 1986 ஜூனில் வாட்டர்லூவில்தான் அந்தப் பெயரும் நிறமும் அறிமுகமாயின. சிவப்பு விளக்குக் கம்பங்களோடு பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் வண்டிகள், சிக்னல் பலகைகள், ஸ்டேஷன் பெயர்ப் பலகைகள், சுற்றியுள்ள கட்டடங்கள் எல்லாமே மாறும். அதைத் தனிப் பரிந்துரையாக அனுப்புங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

வண்டிகள்

புதிதாகச் செய்ய இரண்டு, அதிகம் போனால் மூன்று. இந்த ரூட்டின் அதிர்ஷ்டம், கிளாஸ் 444உம் 450உம் ஒரே சீமென்ஸ் டெசிரோ குடும்பம். 450 நான்கு பெட்டி, ஒவ்வொன்றும் 20 மீட்டர், கதவுகள் பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு தூரங்களில். 444 ஐந்து பெட்டி, 23 மீட்டர், கதவுகள் பெட்டி முனைகளில். இரண்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 100 மைல். ஓட்டுநர் அறை, இழுவைச் சத்தம், பிரேக் நடத்தை இவற்றில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம். இதை முதல் வரியில் எழுதுங்கள். மூன்றாவது 455.

சேர்க்கை நீளங்களையும் கொடுங்கள்: 450 நான்கு, எட்டு, பன்னிரண்டு, 444 ஐந்து, பத்து. பன்னிரண்டு பெட்டி 450 ஏறக்குறைய 240 மீட்டர், பத்துப் பெட்டி 444 ஏறக்குறைய 230. நடைமேடை நீளம் இதற்குப் போதுமா என்று செய்பவர் சரிபார்க்க இது உதவும். எக்ஸெட்டர் போகும் டீசல் கிளாஸ் 159ஐப் பின்னால் தனியாக விற்கும் சேர்ப்பாகக் காட்டுங்கள். அதுவரை அந்த இடம் அட்டவணையில் காலியாக இருக்கலாம்.

நிறுவனப் பெயருக்கும் வண்டி நிறத்துக்கும் அனுமதி வாங்குவது விளையாட்டு நிறுவனத்தின் வேலை. ஆனால் யாரிடம் வாங்க வேண்டியிருக்கும் என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இந்த லைனில் வண்டிகளை ஓட்டும் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே 2025 மே 25 முதல் அரசுடைமை. 2023ஐக் காட்டும் ரூட்டிலும் அந்தப் பெயரும் நிறமும்தான் வரும் என்பதால் இது தெரிந்திருக்க வேண்டும்.

அட்டவணையை ஆதாரமாக வைப்பது

"நெரிசலான லைன்" என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். நடப்பு ஆண்டுக்கு ரியல்டைம் ட்ரெயின்ஸ் தளத்தில் விரிவான பார்வையை எடுத்தால் நிற்காமல் கடக்கும் நேரம், நடைமேடை எண், எந்த லைன் எல்லாம் வரும். பழைய ஆண்டுக்குப் பயணிகள் அட்டவணையைவிட ரயில்வே ஊழியர்களுக்கான வேலை அட்டவணையைத் தேடுங்கள். பயணிகள் அட்டவணையில் கடக்கும் நேரமும் காலி வண்டிகளும் இருக்காது.

ஒரு வார நாளில் மூன்று துண்டுகளை எடுங்கள்: காலை 7 முதல் 9, பகல் 1 முதல் 2, இரவு 10 முதல் 11. ஒவ்வொரு வண்டிக்கும் ஹெட்கோடு (அந்த ஓட்டத்தின் அடையாளக் குறியீடு), புறப்படும் நடைமேடை, ஃபாஸ்ட் லைனா ஸ்லோ லைனா, நிற்கும் இடங்கள், வண்டி வகை. ஹெட்கோடு 1இல் தொடங்கினால் விரைவு வண்டி, 2 என்றால் நின்று போவது, 5 என்றால் காலி வண்டி. வெய்மத் வண்டிகள் 1W, எக்ஸெட்டர் பக்கம் 1L. 5இல் தொடங்குபவற்றை விட்டுவிடாதீர்கள். வாட்டர்லூவுக்கும் கிளாப்ஹம் யார்டுக்கும் விம்பிள்டன் டிப்போவுக்கும் நடுவே ஓடும் காலி வண்டிகள் பத்து, பதினைந்து நிமிட ஆட்டங்கள். வேலை முடிந்து வந்து சிறிது நேரம் ஆடுகிறவருக்கு அவைதான் பிடிக்கும்.

காலை எட்டு மணிக்கு வாட்டர்லூ வாயிலில் ஒரே நேரத்தில் எத்தனை வண்டி கண்ணில் படும் என்றும் எண்ணி எழுதுங்கள். கன்சோலில் அது சுமை. எவை அசையாமல் நிற்கும் வண்டிகளாக இருந்தால் போதும் என்று கூடவே சொல்லுங்கள்.

லைன் விவரம்: தப்பாகப் போகும் இடங்கள்

வேக எல்லை, மைல் கணக்கு, லைன் பெயர்கள் எல்லாம், தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் வெளியிடும் செக்ஷனல் அப்பெண்டிக்ஸில் இருக்கின்றன. கென்ட், சஸ்ஸெக்ஸ், வெஸ்ஸெக்ஸ் தொகுதியை எடுங்கள். தூரம் மைலும் செயினுமாக இருக்கும். ஒரு மைலுக்கு 80 செயின், ஒரு செயின் 22 கஜம். 24.27 என்று பார்த்தால் அது 24 மைல் 27 செயின். தசமமாகப் படித்துவிட்டால் எல்லா ஸ்டேஷனும் இடம் மாறிவிடும்.

லைன் வரைபடத்தில் ஒரு இடம் புதியவர்களைத் தவறாமல் ஏமாற்றும். வாட்டர்லூ பக்கத்தில் இரண்டு ஸ்லோ லைன்களும் அடுத்தடுத்து, ஃபாஸ்ட் லைன்களுக்கு ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கிளாப்ஹமில் 10, 11 நடைமேடைகள் ஸ்லோ. ஆனால் விம்பிள்டனில் (அப் என்றால் லண்டனை நோக்கி, டவுன் என்றால் லண்டனிலிருந்து வெளியே) 5 அப் ஸ்லோ, 6 அப் ஃபாஸ்ட், 7 டவுன் ஃபாஸ்ட், 8 டவுன் ஸ்லோ. அதாவது ஸ்லோ லைன்கள் இரு ஓரத்துக்கும் போய்விட்டன. நடுவில், எர்ல்ஸ்ஃபீல்டுக்கும் விம்பிள்டனுக்கும் இடையே, 1936இல் கட்டிய மேம்பாலம் அப் ஸ்லோ லைனை ஃபாஸ்ட் லைன்களுக்கு மேலே தூக்கிக் கடத்துகிறது. அதை விட்டுவிட்டுக் கோடு போட்டால் ஒவ்வொரு வண்டியும் மற்றதை வெட்டிக்கொண்டு போகும்.

வோக்கிங்கில் அப்படிப்பட்ட பாலம் இல்லை. போர்ட்ஸ்மத் லைன் சமதளத்தில் பிரிகிறது, வண்டிகள் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும். பரிந்துரையில் இதைக் குறையாக எழுத வேண்டாம். இந்த ரூட்டில் பெரிய ஏற்றம் இறக்கம் கிடையாது, ஓட்டும் சுவை முழுக்க சிக்னலில்தான். பச்சையில் ஓடிக்கொண்டிருந்தவர் இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள் என்று இறங்கி, வோக்கிங் வெளியே சிவப்பில் நின்று, குறுக்கே ஒரு 444 கடப்பதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவார். இதைச் சொன்னால் ரூட்டின் தன்மை புரிந்துவிடும்.

கிட்டத்தில் தெரியும் சில நுணுக்கங்களைச் சேருங்கள். ஓட்டுநருக்கு சிக்னல் பற்றி எச்சரிக்கும் ஏடபிள்யூஎஸ் அமைப்பின் காந்தம் சிக்னலுக்கு ஏறக்குறைய 180 மீட்டர் முன்னால், தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும். சாதாரணமாக மஞ்சள் நிறம். டிசி மின்சாரப் பகுதியில் வலு கூடிய காந்தம், அது பச்சை. வேறு ரூட்டிலிருந்து எடுத்து ஒட்டினால் மஞ்சளாகவே வந்துவிடும். மூன்றாம் தண்டவாளம் ஸ்டேஷனில் நடைமேடைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். பாயிண்ட்கள் உள்ள, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில் அதில் இடைவெளி விழும். 444, 450 வண்டிகளில் கதவை மூடுவது கார்டு. எல்லாம் சரியென்றால் இரண்டு முறை பஸ்ஸர் அடிப்பார், ஓட்டுநர் திருப்பி இரண்டு அடித்துவிட்டுத்தான் நகர்வார். கண்டக்டர் முறையில் ஆடுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

தரை மேடு பள்ளத்துக்கு இங்கிலாந்தின் லைடார் (லேசர் மூலம் எடுத்த) அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, திறந்த அரசு உரிமத்தில். இருக்கிறது என்று ஒரு வரி போதும், செய்பவர்களுக்கு இது தெரியும். பிறர் எடுத்த புகைப்படங்களை இணைக்காதீர்கள். நிறுவனம் அவற்றைத் தொட முடியாது.

எழுதி அனுப்புவது

யோசனை ஆங்கிலத்தில் போக வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன அட்டவணைக் கணக்கும் லைன் வரைபடமும் இணைப்பாகத் தனியே. முதல் பத்தி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"வாட்டர்லூ–வோக்கிங், ஹாம்ப்டன் கோர்ட் கிளையோடு, 2023 வார நாள். மெயின்லைன் 24 மைல், ஓட்டக்கூடிய ஸ்டேஷன்கள் 18. புதிய வண்டிகள்: 450, 444 (ஒரே ஓட்டுநர் அறைக் குடும்பம்), 455. பிரைட்டன் பக்க லைன்களில் ஏற்கெனவே உள்ள 377 பின்னணியாக ஓடலாம். விரைவு ஓட்டம் சுமார் 25 நிமிடம், புறநகர் ஓட்டம் அரை மணிக்கு மேல், காலி வண்டி ஓட்டம் 10–15 நிமிடம். விண்ட்ஸர் லைன்கள் கிளாப்ஹமோடு முடியும், ஓட்டத் தேவையில்லை."

இதன் கீழே இரண்டாம் திட்டம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வாட்டர்லூ அதிகச் செலவு என்று தோன்றினால் வோக்கிங் முதல் சவுத்தாம்ப்டன் சென்ட்ரல் வரை, சுமார் 55 மைல், 444உம் 450உம் மட்டும். அதில் பேஸிங்ஸ்டோக், வின்செஸ்டர், ஈஸ்ட்லீ வருகின்றன. சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் சரக்கு வண்டிகளும் கிடைக்கும். அதே இரண்டு வண்டிகள் இரு திட்டத்திலும் பயன்படுவதால், எது முதலில் வந்தாலும் மற்றதற்கு வழி திறந்திருக்கிறது.

பதில் வராமல் இருப்பது வழக்கம்தான். ஒரே யோசனையை மாதாமாதம் திரும்ப அனுப்ப வேண்டாம். புதிய பிரிட்டிஷ் ரூட் ஒவ்வொன்று வரும்போதும் அதில் வந்த வண்டிகளைப் பாருங்கள். நீங்கள் கேட்ட மூன்றில் ஒன்றோ அதன் நெருங்கிய உறவோ அதில் இருந்தால், வண்டிப் பட்டியலையும் தேதியையும் திருத்தி, என்ன குறைந்திருக்கிறது என்று மேலே ஒரு வரி எழுதி மறுபடி அனுப்புங்கள்.